பெற்றவள் பக்கம் யார் நிற்பது?

2021 ஜூன் மாதக் கடைசி. கரோனாவின் இரண்டாம் அலை மதுரையை உலுக்கிவிட்டு அடங்கத் தொடங்கியிருந்த நேரம். ரிசர்வ் லைன் பகுதியில் ‘இதயம்’ அறக்கட்டளை நடத்திவந்த ஆதரவற்றோர் இல்லத்தில் தாயோடு தங்கியிருந்த ஒரு வயது ஆண் குழந்தை, கரோனாவில் இறந்துவிட்டதாகச் சொல்லப்பட்டது. அரசு இராசாசி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம், பிழைக்கவில்லை, தத்தனேரியில் அடக்கம் செய்துவிட்டோம் என்றார்கள் இல்லத்தார். அடக்கத்துக்கான ரசீதும் மற்ற தாள்களும் கையில் இருந்தன.

அந்தத் தாயையும் அவருடைய பிள்ளைகளையும் அந்த இல்லத்தில் சேர்க்க உதவிய மேலூர்ப் பக்கத்துச் சமூக ஆர்வலருக்குச் சந்தேகம் வந்தது. அவர் கேட்டுப் பார்த்தார், பிறகு புகார் கொடுத்தார். அதிகாரிகள் மருத்துவமனையிலும் தத்தனேரியிலும் விசாரித்தபோது காட்டப்பட்ட தாள்கள் போலி என்று தெரிந்தது. இறந்ததாகச் சொல்லப்பட்ட குழந்தை, மதுரையிலேயே ஒரு தம்பதியின் வீட்டில் உயிரோடு இருந்தது. தேடிப்போனபோது அதே இல்லத்திலிருந்து விற்கப்பட்டதாகச் சொல்லப்படும் இரண்டு வயதுப் பெண் குழந்தையும் இன்னொரு வீட்டில் கிடைத்தது. இல்லம் பூட்டி முத்திரையிடப்பட்டது. அங்கிருந்தவர்கள் வேறு இல்லங்களுக்கு மாற்றப்பட்டார்கள். தலைமறைவான நிர்வாகியும் உடனிருந்தவர்களும் அடுத்தடுத்த நாள்களில் கைதானார்கள்.

இந்த வழக்கைப் பற்றி அன்று எழுதியவர்கள் பெரும்பாலும் போலி ரசீதைப் பற்றியும் கைமாறிய பணத்தைப் பற்றியும் எழுதினார்கள். நான் யோசிப்பது அந்தத் தாயைப் பற்றி. அவர் மனநலம் பாதிக்கப்பட்டவர். தன் பிள்ளை செத்துவிட்டது என்று சொன்னதும் அவர் அழுதிருப்பார், நம்பாமல்கூட இருந்திருப்பார். ‘என் பிள்ளையின் முகத்தைக் காட்டுங்கள்’ என்று அவர் கேட்டிருந்தாலும் அந்தக் குரலை யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். கரோனா காலத்தில் சடலத்தைக் காட்டுவதில்லை என்ற ஒரு வழக்கமே எல்லாக் கேள்விக்கும் பதிலாகிவிட்டது. யாருடைய சொல் எடுபடாதோ அவருடைய பிள்ளைதான் இந்தச் சந்தையில் முதலில் விலைபோகிறது. தத்து, பராமரிப்பு, ஆதரவு இல்லம் என்ற பெயர்களில் நம் மாநிலத்திலும் கடல் தாண்டியும் நடந்த ஒவ்வொரு மோசடியையும் எடுத்துப் பார்த்தால், அதன் அடியில் பேச்சு எடுபடாத ஒரு தாய் இருப்பார்.

இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் பதிவுபெற்ற இல்லத்தில் ஒரு குழந்தை இறந்தால் என்ன செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. மருத்துவரின் அறிக்கை வேண்டும். காவல் நிலையத்துக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கும் உடனே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். ஆனால் மதுரையில் அந்தக் குழந்தை இருந்தது ஆதரவற்ற பெரியவர்களும் தங்கும் ஓர் இல்லம். தாயோடு வந்த குழந்தை, தாயின் கணக்கில் தங்கியிருந்தது. பெரியவர்களுக்கான இல்லத்தைப் பார்க்க வரும் அதிகாரி குழந்தையைக் கணக்கெடுப்பதில்லை. குழந்தைகள் இல்லத்தைப் பார்க்க வரும் அதிகாரி அந்தப் படியே ஏறுவதில்லை. இந்த இடுக்கில்தான் ஒரு குழந்தை காணாமல் போனது. மனநலம் குன்றிய தாய்மார்கள் பிள்ளைகளோடு தங்கும் இல்லங்கள் தமிழ்நாட்டில் இன்றும் உண்டு. அந்தப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் குழந்தைகள் நலக் குழுவின் ஏட்டில் பெயரோடும் படத்தோடும் இருக்க வேண்டும். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு நேரில் போய் எண்ணி எழுதினால் போதும்.

மதுரையிலிருந்து மேற்கே நாற்பது கிலோமீட்டர் போனால் உசிலம்பட்டி. 1980களின் நடுவில் பெண் சிசுக்கொலைச் செய்திகளால் நாடெங்கும் பேசப்பட்ட வட்டாரம். அந்த அவப்பெயர் ஊரின் நெற்றியில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெண் குழந்தைகளைக் காப்பதற்காக 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது. 2001இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கும் வந்தது. கொல்வதற்குப் பதில் தொட்டிலில் போடு, அரசு வளர்க்கும் என்பது அதன் செய்தி. பல உயிர்கள் அதனால் பிழைத்தன என்பதை மறுக்க முடியாது. ஆனால் பெண்ணைப் பெற்றவளுக்கு அந்தப் பிள்ளையை வளர்க்க என்ன உதவி வேண்டும் என்று அந்தத் தொட்டில் கேட்கவில்லை. பிள்ளையை வாங்கிக்கொள்வது அரசுக்கு எளிது. தாயை நிமிர்த்தி உட்கார வைப்பதுதான் செலவு பிடிக்கும் வேலை.

உசிலம்பட்டியின் அவப்பெயரே வேறு சிலருக்கு வழியாகவும் ஆனது. திருச்சியில் ‘மோசே மினிஸ்ட்ரீஸ்’ என்ற பெயரில் ஒரு பெண் குழந்தைகள் இல்லம் பல ஆண்டுகள் நடந்தது. சிசுக்கொலையிலிருந்து மீட்கப்பட்ட பெண் பிள்ளைகளை வளர்க்கிறோம் என்று சொல்லி வெளிநாட்டில் நன்கொடை திரட்டினார்கள். அங்கிருந்த 89 பெண் பிள்ளைகளில் பெரும்பாலோர் உசிலம்பட்டி வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள். இல்லத்துக்கு இளைஞர் நீதிச் சட்டப்படியான பதிவு இல்லை. பிள்ளைகள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்தப்பட்டுச் சேர்க்கப்படவில்லை. 2015இல் ஒரு தன்னார்வ அமைப்பு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்குத் தொடுத்த பிறகே இது வெளியுலகுக்கு முழுதாகத் தெரிந்தது. பெற்றோர் யார் என்று கண்டறிய மரபணுச் சோதனை செய்ய நீதிமன்றம் உத்தரவிட்டது. வழக்கு சிபிஐக்குப் போனது. 2017இல் இல்லத்தின் நிறுவனர் கைதானார்.

ஒரு பெண் பிள்ளையிடம் ‘உன்னைப் பெற்றவர்கள் கொன்றிருப்பார்கள், நாங்கள்தான் காப்பாற்றினோம்’ என்ற கதையைக் கொடுத்து வளர்ப்பது எவ்வளவு பெரிய கொடுமை! மரபணுச் சோதனையில் பெற்றோர் கிடைத்தாலும் அந்தப் பிள்ளை எந்த முகத்தோடு அவர்களிடம் போய் நிற்கும்? சோற்றுக்கும் படிப்புக்கும் வழியில்லாமல் பிள்ளையை விடுதியில் சேர்த்த ஒரு கூலிக்காரத் தாயும், பெண் என்பதால் வேண்டாம் என்று விட்ட ஒரு தாயும், வேறு யாரோ வற்புறுத்திப் பிரித்த ஒரு தாயும் அங்கே ஒரே பட்டியலில் கொலைகாரிகளாக நின்றார்கள். அவர்கள் தரப்பை யாரும் பதிவு செய்திருக்கவில்லை. ஒரு வட்டாரத்தின் மீது சுமத்தப்பட்ட பழி, அந்த வட்டாரத்துத் தாய்மார்களை விசாரிக்காமலே தீர்ப்பெழுத உதவியது.

நாட்டில் தத்து முறைக்கு ஒரு வரம்பு வந்ததே வெளிநாட்டுத் தத்தில் நடந்த முறைகேடுகளால்தான். லக்ஷ்மி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதம் வழக்காக ஏற்கப்பட்டு, 1984இல் நீதிபதி பி.என். பகவதியின் தீர்ப்பு வந்தது. பிள்ளையைக் கொடுக்கும் தாய்க்கு அதன் பின்விளைவு முழுவதையும், பிள்ளை வெளிநாடு போகக்கூடும் என்பது உட்பட, விளக்கிச் சொல்ல வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு வலியுறுத்தியது. 1990இல் மத்தியத் தத்து ஆதார ஆணையம் அமைந்தது. 2003இல் வெளிநாட்டுத் தத்து பற்றிய ஹேக் உடன்படிக்கையை இந்தியா ஏற்றது.

அந்தத் தீர்ப்புக்கும் ஆணையத்துக்கும் பிறகுதான் சென்னையில் அது நடந்தது. 1999இல் ஓர் இரவு, குடிசைப் பகுதியில் வாசலில் பெற்றோருடன் தூங்கிக்கொண்டிருந்த ஒன்றரை வயதுப் பிள்ளை காணாமல் போனது. பெற்றோர் காவல் நிலையத்துக்கு நடந்தார்கள். 2005இல் ஒரு கடத்தல் கும்பல் பிடிபட்டபோதுதான் விஷயம் உடைந்தது. தெருவிலிருந்து தூக்கிய பிள்ளைகளை ‘மலேசியன் சோஷியல் சர்வீசஸ்’ என்ற தத்து அமைப்பிடம் விற்றதாக அவர்கள் சொன்னார்கள். தாய் மனமுவந்து ஒப்படைத்ததாகப் போலிப் பத்திரம் எழுதி, பெயரை மாற்றி, முறைப்படி நீதிமன்ற உத்தரவும் பெற்று, பிள்ளைகள் ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் நெதர்லாந்துக்கும் போயிருந்தார்கள். அந்தச் சென்னைப் பெற்றோர் தம் மகன் என்று நம்பிய சிறுவன் நெதர்லாந்தில் ஒரு குடும்பத்தில் வளர்ந்துகொண்டிருந்தான். மரபணுச் சோதனை கேட்டு அங்கேயே வழக்காடினார்கள். 2010இல் அந்நாட்டு நீதிமன்றம் அதற்கு உத்தரவிட மறுத்துவிட்டது.

வளர்ப்புப் பெற்றோர் மோசமானவர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அவர்கள் கையில் இந்திய நீதிமன்றத்தின் முத்திரை இருந்தது. பிள்ளை அவர்களை அம்மா, அப்பா என்று அழைத்தது. ஆனால் அந்த முத்திரைக்குக் கீழே கையெழுத்திட்டதாகச் சொல்லப்பட்ட தாயை நீதிமன்றம் நேரில் பார்த்திருந்தால், அன்றே எல்லாம் தெரிந்திருக்கும். தாளை மட்டும் பார்த்தார்கள்.

இலங்கையிலும் இதே கதை. 1980களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அங்கிருந்து ஐரோப்பாவுக்குத் தத்துப் போனார்கள். பெற்றவளுக்குப் பதில் வேறொரு பெண்ணைத் தாயாக நடிக்கவைத்து நீதிமன்றத்தில் நிறுத்திய சம்பவங்கள் பின்னாளில் வெளிவந்தன. ‘குழந்தைப் பண்ணைகள்’ இருந்ததை 2017இல் இலங்கை அமைச்சர் ஒருவரே ஒப்புக்கொண்டார். இலங்கைத் தத்துகளில் நடந்த தவறுகளுக்காக 2020 டிசம்பரில் சுவிட்சர்லாந்து அரசு வருத்தம் தெரிவித்தது. நெதர்லாந்தில் ஒரு விசாரணைக் குழு 1967 முதல் 1998 வரையிலான வெளிநாட்டுத் தத்துகளை ஆராய்ந்து 2021 பிப்ரவரியில் அறிக்கை தந்தது. முறைகேடுகள் அரசுக்குத் தெரிந்தே நடந்தன என்று அது சொன்னது. அரசு மன்னிப்புக் கேட்டது. 2024இல் வெளிநாட்டுத் தத்தையே படிப்படியாக நிறுத்துவது என்று முடிவு செய்தது. சென்னைப் பிள்ளை காணாமல் போனது 1999இல். விசாரணையின் எல்லைக்கு ஓராண்டு வெளியே.

இப்போது கடத்தித்தான் விற்க வேண்டும் என்பதில்லை. தத்துப் பத்திரமும் தேவையில்லை, பிறப்புச் சான்றிதழ் ஒன்றே போதும். 2019 ஏப்ரலில் ராசிபுரத்தைச் சேர்ந்த, விருப்ப ஓய்வு பெற்ற ஒரு செவிலியின் தொலைபேசிப் பேச்சு தமிழகமெங்கும் பரவியது. ஆண் என்றால் இவ்வளவு, பெண் என்றால் இவ்வளவு, நிறம் சிவப்பு என்றால் கூடுதல் என்று அந்தக் குரல் விலை சொன்னது. பிறப்புச் சான்றிதழுக்குத் தனிக் கட்டணம் எழுபதாயிரம். கொல்லிமலையின் ஏழைக் குடும்பங்களிலிருந்து பிள்ளைகள் வாங்கப்பட்டதாகப் புலனாய்வு சென்றது. ஆம்புலன்ஸ் ஓட்டுநரும் மருத்துவமனைப் பணியாளர்களும் சிக்கினார்கள். வழக்கு சிபிசிஐடிக்கு மாறியது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2023 அக்டோபரில், அதே நாமக்கல் மாவட்டத்தின் திருச்செங்கோட்டில் அரசு மருத்துவமனையின் பெண் மருத்துவர் ஒருவரும் ஒரு புரோக்கரும் இதே குற்றச்சாட்டில் கைதானார்கள்.

இந்த முறையில் வாங்குகிறவரின் பெயரே மருத்துவமனைப் பதிவேட்டில் பிரசவித்தவள் என்று ஏறுகிறது. பெற்றவள் அந்த மருத்துவமனைக்கே வரவில்லை என்றாகிவிடுகிறது. மதுரையில் செத்ததாக எழுதப்பட்டது பிள்ளை. இங்கே பிறக்கவே இல்லை என்று அழிக்கப்படுவது தாய்மை. நாளை அந்தப் பிள்ளை வளர்ந்து, ஒரு மரபு நோய்க்காக மருத்துவர் குடும்ப வரலாற்றைக் கேட்கும்போது என்ன சொல்லும்? பெற்றவளைத் தேட நினைத்தால் எந்த ஏட்டைப் புரட்டும்? தத்து விதிமுறைகளின்படி முறையாகத் தத்துப்போன பிள்ளைக்குத் தன் வேரைத் தேடும் வழி இருக்கிறது. விலைக்கு வாங்கப்பட்ட பிள்ளைக்கு அதுவும் இல்லை.

வாங்குகிறவர்களின் மனவேதனையை நான் அறியாதவனல்ல. நம் ஊரில் பிள்ளையில்லாத பெண் படும் பாட்டைச் சொல்லித் தீராது. வளைகாப்புக்கு முன்வரிசையில் நிற்க விடமாட்டார்கள். பிறந்த குழந்தையைத் தூக்கக் கொடுக்கும்போது ஒரு தயக்கம் இருக்கும். மாமியார் ஒன்றும் சொல்லாவிட்டாலும் பங்காளி வீட்டில் சொல்வார்கள். முறைப்படி பதிவு செய்தவர்கள் சராசரியாக மூன்றரை ஆண்டுகள் காத்திருக்கிறார்கள். நாடு முழுவதும் வரிசையில் இருப்பவர்கள் முப்பத்தைந்தாயிரத்துக்கும் மேல். 2024-25இல் மத்தியத் தத்து ஆதார ஆணையத்தின் வழியே தத்துப்போன பிள்ளைகள் 4,515 பேர். ‘வெளியே ஒரு இடம் இருக்கு, பத்து நாளில் முடிச்சுக்கலாம்’ என்று யாராவது காதோரம் சொன்னால் மனம் ஆடத்தான் செய்யும்.

ஆனால் பத்து நாளில் முடியும் என்றால், பெற்றவளுக்குச் சட்டம் கொடுத்த அறுபது நாள் எங்கே போனது? இளைஞர் நீதிச் சட்டத்தின் 35ஆவது பிரிவு சொல்வது இதுதான்: பிள்ளையை ஒப்படைக்க விரும்பும் தாயோ தந்தையோ குழந்தைகள் நலக் குழு முன் நேரில் வர வேண்டும், குழு அவர்களுக்கு ஆலோசனை தர வேண்டும், பத்திரம் எழுதிய பிறகும் மனம் மாற இரண்டு மாத அவகாசம் உண்டு. பிரசவ வலியும் பயமும் வறுமையும் சேர்ந்து அழுத்தும்போது எடுத்த முடிவை, பால் கட்டிய மார்போடு வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது மாற்றிக்கொள்ள ஒரு பெண்ணுக்கு உரிமை உண்டு. முழுச் சட்டத்திலும் தாய்க்கென்று எழுதப்பட்ட மிக அருமையான வரி அதுவே என்பேன். புரோக்கர் முதலில் விழுங்குவதும் அதைத்தான்.

‘சட்டம் கெடுபிடியாக இருப்பதால்தான் திருட்டுத் தத்து நடக்கிறது, தளர்த்துங்கள்’ என்று சொல்கிறவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. தாமதம் குறைய வேண்டும் என்பது சரி. அதற்காக 2021இல் சட்டம் திருத்தப்பட்டு, 2022 செப்டம்பர் முதல் தத்து உத்தரவு வழங்கும் அதிகாரம் நீதிமன்றத்திடமிருந்து மாவட்ட ஆட்சியரிடம் போயிருக்கிறது. ஆட்சியர்களின் நேர்மையில் எனக்குக் குறையில்லை. ஆனால் இல்லங்களைக் கண்காணிக்க வேண்டிய மாவட்ட நிர்வாகத்தின் தலைவரே தத்துக்கும் உத்தரவிடும்போது, வெளியிலிருந்து கேள்வி கேட்கும் ஒருவர் குறைகிறார். சென்னை வழக்கில் நீதிமன்றமே தாளை நம்பி ஏமாந்தது என்றால், நூறு வேலைக்கு நடுவில் கோப்பு பார்க்கும் ஓர் அலுவலகம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்! ஒப்படைத்த தாயின் கோப்பைத் தனியே ஒரு வழக்கறிஞர் பார்த்துச் சான்று தந்த பிறகே உத்தரவு என்று வைக்கலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறது. இலவச வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். ஒப்படைப்புப் பத்திரம் எழுதும் அறையில் தாயின் பக்கத்தில் அவர்களில் ஒருவர் உட்கார வேண்டும். இன்று அந்த அறையில் குழு இருக்கிறது, இல்லத்தார் இருக்கிறார்கள், தாய்க்கென்று ஒருவரும் இல்லை.

தாய்மார்கள் ஏன் குழுவிடம் வராமல் புரோக்கரிடம் போகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் பயம். கணவன் இறந்து கருவுற்றவர், திருமணமாகாதவர், கைவிடப்பட்டவர் எல்லாருக்கும் ஊர் தெரிந்துவிடும் என்ற பயம். பதினெட்டு நிறையாத பெண் என்றால் இன்னும் சிக்கல். மருத்துவமனை போக்சோ சட்டப்படி காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். மதுரை, தேனி, திண்டுக்கல் கிராமங்களில் சிறுவயதுக் கல்யாணம் இன்னும் நின்றபாடில்லை. தாய்மாமன் மகனோ மருமகனோ சிறைக்குப் போவான் என்று பயந்து குடும்பமே அரசு மருத்துவமனையைத் தவிர்க்கிறது. எங்கோ ஒரு சிறிய நர்சிங் ஹோமின் பின்வாசல் வழியே போகிறது. அங்கே காத்திருக்கிறாள் புரோக்கர். அந்தச் சிறுமிகளைக் காக்க எழுதிய சட்டம் அவர்களைப் புரோக்கரின் கைக்குத் தள்ளாமல் இருக்க, பிரசவத்தை ரகசியமாகவும் தண்டனைப் பயமின்றியும் பார்க்கும் ஓர் ஏற்பாட்டைச் சுகாதாரத் துறையும் சமூக நலத் துறையும் சேர்ந்து உண்டாக்க வேண்டும். ஒப்படைக்கும் தாயின் பெயரை ரகசியமாகக் காக்கச் சட்டம் இப்போதே சொல்கிறது. அது எந்தப் பிரசவ வார்டின் சுவரில் எழுதப்பட்டிருக்கிறது?

இன்னொரு காரணம் பணம், அதுவும் சின்னப் பணம். மத்திய அரசின் ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தில், குடும்பத்தோடு இருக்கும் நலிந்த பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் தர வழி இருக்கிறது. கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். விதவையின் பிள்ளை, கைவிடப்பட்டவளின் பிள்ளை, கடுமையான நோயுற்ற பெற்றோரின் பிள்ளை எல்லாருக்கும் இது பொருந்தும். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் தரும் ‘அன்புக் கரங்கள்’ திட்டத்தைத் தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கியது. ஒரு பெற்றோரை இழந்து, இன்னொருவரால் வளர்க்க இயலாத பிள்ளைகளையும் அது சேர்க்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் பிள்ளையை விடுதியில் விட வரும் தாயிடம் ‘இந்தப் பணம் கிடைத்தால் நீயே வைத்துக்கொள்வாயா அம்மா?’ என்று கேட்பதை இல்லத்தாரிடம் எதிர்பார்க்க முடியாது. பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்தே இல்லத்துக்கு நன்கொடையும் மானியமும் வருகின்றன. கேட்க வேண்டியது குழந்தைகள் நலக் குழு. ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட, நீதித்துறை நடுவருக்கு நிகரான அதிகாரம் உள்ள குழு. எந்தப் பிள்ளையையும் இல்லத்தில் சேர்க்கும் உத்தரவில், தாய்க்கு உதவித்தொகை பற்றிச் சொல்லப்பட்டதா, அவள் என்ன சொன்னாள் என்று ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும்.

இல்லங்கள் கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்று சட்டமும் சொல்கிறது. மாமல்லபுரத்தில் ஒரு காப்பகத்தில் பிள்ளைகள் சீரழிக்கப்பட்ட செய்தியிலிருந்து 2007இல் தொடங்கிய வழக்கில், 2017 மே மாதம் நீதிபதி மதன் பி. லோகூர் தந்த தீர்ப்பு, நாட்டின் எல்லாக் காப்பகங்களையும் பதிவு செய்யவும் கணக்கெடுக்கவும் சொன்னது. தத்துப்போக முடியாத பிள்ளையும் ஒரு வீட்டில் வளர, இளைஞர் நீதிச் சட்டத்தின் 44ஆவது பிரிவு வளர்ப்புப் பராமரிப்பு என்ற ஏற்பாட்டைத் தருகிறது. பெற்றோரின் உரிமை போகாமலே இன்னொரு குடும்பம் சில காலம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும். அதற்கும் மாத உதவி உண்டு. சித்தி வீட்டில், பாட்டி வீட்டில் பிள்ளை வளர்வது நமக்குப் புதிதா என்ன? அந்தப் பாட்டிக்கும் சித்திக்கும் அரசு கை கொடுத்தால், விடுதிப் படுக்கைகளில் பாதி காலியாகும்.

சொந்தத்துக்குள் தத்து எடுப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அண்ணன் பிள்ளையைத் தம்பி எடுத்து வளர்ப்பது இங்கே பழைய வழக்கம். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அதையே தத்து என்று நம்புகிறார்கள். 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டப்படி தத்துக்கு நிபந்தனைகள் உண்டு. பிள்ளைக்குப் பதினைந்து வயது நிறைந்திருக்கக் கூடாது, எதிர்ப்பாலினப் பிள்ளை என்றால் இருபத்தொரு வயது இடைவெளி வேண்டும், பதிவு செய்த பத்திரம்தான் பின்னாளில் காக்கும். பணம் கைமாறுவது அந்தச் சட்டத்தின் 17ஆவது பிரிவின்படியே குற்றம். மற்ற மதத்தினருக்கும் இளைஞர் நீதிச் சட்டத்தின் வழி திறந்திருப்பதை 2014இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. முறையில்லாமல் வாங்கி வளர்த்த பிள்ளை, பத்து வருடம் கழித்துப் பள்ளிச் சான்றுக்கோ சொத்துப் பங்குக்கோ நிற்கும்போது யாருக்கும் பிள்ளையாக இல்லாமல் நிற்கும்.

தண்டனையைப் பொறுத்தவரை இளைஞர் நீதிச் சட்டத்தில் குறையில்லை. பிள்ளையை விற்றாலும் வாங்கினாலும் ஐந்தாண்டு வரை கடுங்காவல். பிள்ளையின் பொறுப்பில் இருப்பவரோ மருத்துவமனைப் பணியாளரோ செய்தால் மூன்றிலிருந்து ஏழாண்டு. பிறந்த குழந்தை மருத்துவமனையிலிருந்து கடத்தப்பட்டால் அதன் உரிமத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் கண்டிப்போடு சொன்னது. விசாரணைகளை ஆறு மாதத்தில் முடிக்கச் சொன்னது. கைது நாளில் முதல் பக்கத்தில் வரும் இந்த வழக்குகள், பிறகு எத்தனை ஆண்டு நீதிமன்றத்தில் கிடக்கின்றன என்பதைச் செய்தித்தாள்களாகிய நாமும் தொடர்ந்து எழுத வேண்டும்.

பிள்ளைக்காகக் காத்திருக்கும் தம்பதிகளே, உங்கள் ஏக்கம் நியாயமானது. யாராவது உங்களிடம் ஒரு பிள்ளையைக் காட்டினால், தூக்கி மடியில் வைத்துக்கொள்வதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: பெற்றவள் எங்கே, அவள் குழந்தைகள் நலக் குழு முன் வந்தாளா, அவளுக்குரிய இரண்டு மாதம் முடிந்துவிட்டதா? பதில் சொல்லாமல் மழுப்பினால் அந்தப் பிள்ளையை வாங்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக 1098 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.